கஸ்தூரியின் பேரை நான் அடிக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமாவாசைக்கு மறுநாள் முச்சந்தியில் குங்குமம் தடவிக் கிடக்கும் எலுமிச்சம்பழத்தை எல்லோரும் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் மிதித்துக்கொண்டு போகிறவள். பதினோரு வருஷமாக அங்கன்வாடி டீச்சர் வேலை பார்க்கிறேன். குழந்தைக்குக் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று தாயத்தும் கையுமாக ஓடிவரும் அம்மாக்களிடம், காத்துமில்லை கருப்புமில்லை, பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடு என்று சத்தம் போடுகிறவள். அதிலும் இந்த ஊரில், நிற்க இடமில்லாமல் மனுஷன் மேல் மனுஷன் விழுகிற ஊரில், பேய் எங்கே போய் வாடகைக்கு இருக்கும்? இப்படிப் பேசிக்கொண்டு திரிந்த நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

நான் படித்தது அடையாற்றங்கரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கூடம். ஆற்றுப் பக்கத்து ஜன்னலை எப்போதும் சாத்தியேதான் வைத்திருப்பார்கள், திறந்தால் பாடம் காதில் ஏறாது, நாற்றம்தான் மூக்கில் ஏறும். கரையோரக் குடிசைப் பிள்ளைகள்தான் எல்லோரும். பெரிய மழை பெய்து குடிசைக்குள் தண்ணீர் வந்துவிட்டால் பாய், பாத்திரத்தோடு எல்லோரையும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைப்பார்கள். ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்திருந்த அதே இடத்தில் தண்ணீர் வடிந்ததும் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லியிருக்கிறேன். அதனால் எங்களுக்கு அது பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, என்ன சொல்வது, எங்களுக்கு இருந்த ஒரே கெட்டிச் சுவர் அதுதான்.

கஸ்தூரி என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவள்தான் லீடர். காலையில் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் வருகைப் பதிவேட்டையும் சாக்பீஸ் டப்பாவையும் எடுத்துக்கொண்டு நெஞ்சோடு அணைத்தபடி வராந்தாவில் நடந்து வருவாள் பாருங்கள், ஏதோ கலெக்டர் வருகிற மாதிரி இருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். அவள் மேல் உயிரையே வைத்திருந்தேன், வயிறும் எரிந்தது, இரண்டும் உண்மை.

அந்த வருஷம் அரைப் பரீட்சைக்கு முன்னால் கரையில் ஒரு பக்கத்துக் குடிசைகளை எடுத்தார்கள். எங்கள் வரிசை தப்பியது, கஸ்தூரியின் வரிசை போனது. லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு அவளையும் ஏற்றினார்கள், ஊருக்கு வெளியே கண்ணகி நகர். அப்போதெல்லாம் அது வேற்று நாடு. லாரி கிளம்பும்போது மேலேயிருந்து குனிந்து என்னிடம் கத்தினாள்.

"ரேவா, டீச்சராண்ட சொல்லுடி. ஊடு மாத்துறாங்கோ, பஸ்ஸு எதுன்னு தெரிஞ்சிக்கினு வந்துடுவேன்னு சொல்லு. என் பேர அடிச்சிட வேணாம்னு சொல்லு!"

"சொல்றேன்டி," என்றேன்.

மறுநாள் காலையில் டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கஸ்தூரி இல்லையா, ரேவதி, நீ போய்ப் பதிவேடு எடுத்து வா என்றார்கள். நான் போனேன். எடுத்து வந்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் வந்தேன். சொல்ல வேண்டியதைச் சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் நாளைக்கு என்று நினைத்தேன், அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் அவள் பேருக்கு நேராக வரவில்லை, வரவில்லை என்று குறித்துக்கொண்டே போன அந்தப் பதிவேட்டைத் தினமும் நான்தான் சுமந்தேன். பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள். தெரியும் சார். நன்றாகத் தெரிந்துதான் செய்தேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பஸ் மாறி, அதே சீருடையில், ஒரு மஞ்சப்பையில் நோட்டோடு வந்து வாசலில் நின்றாள். டீச்சர் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் பேரை எடுத்தாகிவிட்டது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, பெரிய சாரிடம் கேட்டு மறுபடி சேர்க்கலாம் என்றார்கள். அவள் அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. இடைவேளையில் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னியாடி?"

"சொன்னேன்டி. டீச்சர்தான் கேக்கல. நான் சண்டகூட போட்டேன். வெளியில முட்டி போட வச்சிட்டாங்கோ."

அதற்கு முந்தின நாள் ஓடிப்பிடித்து விளையாடும்போது விழுந்து என் முட்டியில் தோல் உரிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அய்யோ என்றாள். குழாயைத் திறந்து இரண்டு கையாலும் தண்ணீர் பிடித்து என் முட்டியில் ஊற்றிக் கழுவினாள். எனக்கோ அழுகை வந்தது, வலியால் என்று நினைத்துக்கொண்டாள். அன்றோடு அவள் படிப்பு முடிந்தது.

கதை அதோடு முடிந்திருந்தாலாவது தேவலை. பதினேழு வயசில் அவளை மறுபடி எங்கள் கரைக்கே கட்டிக்கொடுத்தார்கள், சாமான் ஏற்றுகிற மூணு சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிற முருகனுக்கு. எனக்கு நாலாவது வீட்டில் வந்து உட்கார்ந்தாள். அவள் பெண் தீபாவுக்குப் பேர் வைத்ததே நான்தான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் கஸ்தூரி இந்தக் கதையைச் சொல்வாள், எங்க ரேவா எனக்காகத் துணிஞ்சி டீச்சராண்டயே சண்ட போட்டுது, முட்டி போட்டுது, அந்தத் தழும்பு இன்னும் கீது பாரு என்பாள். என் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டக்கூடச் சொல்வாள். நான் சிரித்துவிட்டு விலகிவிடுவேன். சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு பெரிய வெள்ளம் வந்தது, மிச்சமிருந்த கரையையும் எடுத்தார்கள். கஸ்தூரி இரண்டாவது தடவையாக லாரி ஏறினாள், இந்தத் தடவை பெரும்பாக்கம், எட்டாவது மாடி. எனக்கு வேலை இங்கே என்பதால் ஆதம்பாக்கத்தில் வாடகைக்குப் போய்விட்டேன். பெரும்பாக்கம் போன கொஞ்ச வருஷத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டாள், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. நான் போய்ச் சேரும்போது துணி போர்த்தியிருந்தார்கள். பதினாறாம் நாள் தீபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, கடசி வரைக்கும் அம்மா உங்க கதையதான் சொல்லிக்கினு இருந்திச்சு. எனக்காக முட்டி போட்டுச்சுன்னு," என்றாள். பத்தொன்பது வயசுப் பெண். நான் என்ன செய்வேன், தலையை ஆட்டினேன்.

இப்போது தேர்தல் கதைக்கு வருகிறேன். அங்கன்வாடிக்காரர்களுக்குத் தேர்தல் வேலையும் உண்டு, வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது. எனக்குக் கிடைத்த வாக்குச்சாவடி எது தெரியுமா, நான் படித்த அதே பள்ளிக்கூடம். பெரும்பாக்கம் போனவர்களில் பாதிப்பேர் இன்னும் பேரை மாற்றவில்லை, தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறி இங்கேதான் வருவார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கூடுவது என்றால் அந்த ஒரு நாள்தான். இறந்தவர்கள் பேரை நீக்கப் படிவம் கொடுக்க வேண்டியது என் வேலை. தீபா இறப்புச் சான்றிதழ் நகலை எப்போதோ கொடுத்துவிட்டாள். படிவத்தை எடுத்து கஸ்தூரி என்று எழுதுவேன், நீக்கக் காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். ஒரு தடவை அவள் பேரை அடிக்க விட்டேன், அது போதாதா? படிவம் பைக்குள்ளேயே கிடந்தது. வேலையில் அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே சாமியானா போட்டு எனக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வருகிறவர்களுக்குப் பட்டியலில் பேரைத் தேடி, வரிசை எண்ணையும் எந்த அறை என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் ஷகிலா வந்தாள், எங்கள் வகுப்புதான், அவளும் பெரும்பாக்கம். ஓட்டுப் போட்டுவிட்டு மைவிரலோடு என் மேஜையில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். முட்டை போடுகிற நாளில் மட்டும் பள்ளிக்கூடம் வந்தவர்கள், சாத்தின ஜன்னலைத் திறந்து ஆற்றில் டிபன் பாக்ஸை விட்டவன் என்று எல்லாக் கதையும் வந்தது. கஸ்தூரி கதையும் வந்தது.

"இன்னாதான் சொல்லு ரேவா, நீ ஒருத்திதான் அவளுக்காக நின்ன. நாங்கல்லாம் டீச்சரப் பாத்தாவே ஒண்ணுக்குப் போயிடுவோம். நீ முட்டி போட்ட பாரு," என்றாள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, ஒன்பதரை இருக்கும், ஷகிலா தன் வாயால் சொன்னாள்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கூட்டம் விட்டுவிட்டது. உச்சி வெயில், சாமியானா துணி வழியாகவே சுட்டது. வாசலில் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். நான் குனிந்து பட்டியலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் நிழல் விழுந்தது. தலையை நிமிர்த்தாமலே, பேர் சொல்லுங்க என்றேன்.

"கஸ்தூரி. ஊட்டுக்காரர் பேரு முருகன்."

நம்பினால் நம்புங்கள், என் கை அதுபாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டியது, எண்ணை எழுதியது, அறை என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதியது. சீட்டைக் கிழிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

அவள்தான். வெள்ளைப் புடவை, விரித்த தலை, அதெல்லாம் எதுவும் இல்லை. பச்சைக் கலர் நைலெக்ஸ் புடவை, கழுத்தெல்லாம் வியர்வை, இலவச பஸ் டிக்கெட்டைச் சுருட்டி வளையலில் செருகியிருந்தாள். கால் தரையில் இருந்ததா என்றுகூடப் பார்த்தேன், இருந்தது, ஒரு செருப்பில் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். பார்த்ததும் அப்பாடா என்றுதான் இருந்தது.

"இன்னா வெயிலு ரேவா," என்றாள். "ரெண்டு பஸ்ஸு மாறி வரேன். என் பேர் கீதுதானே? அடிக்கலையே?"

"கீதுடி," என்றேன். "அடிக்கல."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். சீட்டை வாங்கிக்கொண்டு அறைப் பக்கம் திரும்பினாள். அப்படியே போகவிட்டிருக்கலாம். போய் அந்த அறைக்குள் ஒரு தடவை நுழைந்திருப்பாள். ஆனால் எனக்கு இருபத்தெட்டு வருஷப் பாரம், இந்த நிமிஷத்தை விட்டால் எப்போது இறக்குவது? வாய் தானாகத் திறந்தது.

"கஸ்தூரி, நான் டீச்சராண்ட சொல்லவே இல்லடி. லாரில போவசொல்ல நீ சொன்னியே, அத்த நான் சொல்லவே இல்ல. சண்டையும் போடல, முட்டியும் போடல. அது கீழ வுழுந்த காயம்."

புரியாதவள் மாதிரி கொஞ்ச நேரம் சிரித்தபடியே நின்றாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. கோபமெல்லாம் இல்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத்த இன்னாத்துக்கு இப்ப சொல்ற?" என்றாள்.

சீட்டை மேஜையில் வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க என் தண்ணீர் பாட்டிலை அதன் மேல் நகர்த்தி வைத்தாள். பிறகு அறைக்குப் போகாமல் வாசல் பக்கம் நடந்தாள். நான் எழுந்து ஓடிப் பிடித்திருக்க வேண்டும். போலீஸ்காரரைத் தாண்டி அவள் போவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். அவள் மறைந்த பிறகுதான் எழுந்து போய் அவரிடம் பச்சைப் புடவையில் ஒரு பெண் இப்போது வெளியே போனாளே என்று கேட்டேன். காலையிலேர்ந்து நூறு பச்சைப் புடவை போயிருக்கும்மா என்றார். சீட்டு மட்டும் பாட்டிலுக்குக் கீழே இருந்தது. என் எழுத்து, என் பேனா. வெயிலில் மயங்கி நானே எழுதி நானே வைத்திருப்பேன் என்பீர்கள். நானும் சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஷகிலா பெரும்பாக்கம் திரும்பும் முன் ஐந்து மணிக்கு ஒரு நடை எட்டிப் பார்த்தாள். எனக்கு யாரிடமாவது பேசியாக வேண்டும் போல இருந்தது. ஷகிலா, காலையில் சொன்னாயே, நான் முட்டி போட்டேன் என்று, அது பொய் என்று ஆரம்பித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நா எங்க சொன்னேன்? நீ எங்க முட்டி போட்ட? நீதான் டீச்சராண்ட சொல்லவே இல்லியே ரேவா. எங்க கிளாஸுல எல்லாருக்கும் தெரியும். கஸ்தூரியே சொல்லுவா, பாவம்." கையைத் தட்டிக் கொடுத்தாள். "வுடு, சின்னப் புள்ளைங்கோ நாம. இன்னிக்கி அத்தப் போயி பேசிக்கினு."

காலையில் இதே மேஜையில் சாய்ந்துகொண்டு பேசியவள். விளையாடுகிறாளோ என்று கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பேர் நீக்கப் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். லிஃப்ட் நின்றிருந்தது, எட்டு மாடியும் ஏறினேன். தீபா தண்ணீர் கொடுத்தாள், பேன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். முகம் முன்னைப்போல இல்லை என்று தோன்றியது, என் மனசுதானோ என்னவோ.

"தீபா, உங்கம்மா என்னப் பத்தி ஒரு கத சொல்லுவாளே..."

"தெரியும் ஆன்ட்டி," என்றாள். "நீங்க டீச்சராண்ட சொல்லலைன்றதுதானே? அது தெரிஞ்சதுதானே, இப்ப இன்னா."

"பதினாறாம் நாளு நீ வேற சொன்னியே கண்ணு. எனக்காக முட்டி போட்டுச்சுன்னு."

"இல்லியே ஆன்ட்டி." அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "அம்மா எப்பயுமே இப்படித்தான் சொல்லும். உங்க மேல அதுக்குக் கோவம்லாம் கிடையாது. சின்ன வயசுன்னு வுட்ருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் அதுக்கு மனசுல. நீங்க அத்த அம்மாவாண்ட சொன்னப்ப, அம்மா வெயில்ல வந்து நின்னுச்சாம், நீங்க ஒரு சேர்ல உக்காந்துகினே சொன்னீங்களாம். எந்திரிச்சு கூட நிக்கலியாம்."

நான் இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஷகிலாவிடம்கூட, மேஜையில் என்ன நடந்தது என்று நான் வாயே திறக்கவில்லை.

"எப்ப சொன்னா இத்த?" என்று கேட்டேன்.

"நான் அஞ்சாங்கிளாஸ் போன மொத நாளு. யூனிபாரம் மாட்டி உட்டுக்கினே சொல்லிச்சு," என்றாள்.

அது பத்து வருஷத்துக்கு முன்னால். நான் மேஜையில் உட்கார்ந்து வாய் திறந்ததோ அன்றைக்கு நாலு நாளைக்கு முன்னால்தான். நீங்கள் படித்தவர், கூட்டிக் கழித்துப் பார்த்து எது சரி என்று சொல்லுங்கள். குற்ற உணர்ச்சியில் நான்தான் அந்த முட்டி போட்ட கதையைக் கட்டிக்கொண்டேன், உண்மை எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும் என்றுகூடச் சொல்லலாம். என் அக்காவே அப்படித்தான் சொல்கிறாள்.

ஆனால் எனக்கு உள்ளே அறுப்பது வேறு. எங்கம்மா செத்த அன்றைக்கு முதல் ஆளாக வந்து நின்றவள் கஸ்தூரி. இரண்டு நாள் நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சுருண்டு கிடந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ரசம் சோறு பிசைந்து கொண்டுவந்து, என் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியாததால்தான் ஊட்டுகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டு தின்றேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதுவும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஒரு மாதமாக அந்த நாளை நினைத்தால் அவள் பேசுவது கேட்கிறது. ஒரு கை என் நெற்றியில் இருக்கிறது, இன்னொரு கையில் உருண்டை. என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல், "நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும்டி, துன்னு," என்கிறாள்.